திட்டுகிற வீட்டின் முகவரி

எங்கள் பகுதியில் அவரை ‘முடியாது’ என்றுதான் அழைக்கிறார்கள். சிமென்ட் கடையில், மரக்கடையில், தண்ணீர்க் குழாய் விற்கும் கடையில், எங்கே விசாரித்தாலும் அந்தப் பெயரே பதிலாக வரும். “காலையில முடியாது வந்தாரு, மணல் சலிச்சுப் பாத்துட்டு முடியாதுன்னுட்டுப் போயிட்டாரு” என்று மணல் வியாபாரி என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. பெற்றோர் வைத்த பெயர் எங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்தாக இருக்கிறது. அதை இங்கே எழுத அவர் சம்மதிக்கவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

வீடு கட்டவோ மாற்றிக் கட்டவோ ஆள் தேடும் ஒவ்வொருவரும் இவரைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது என்று எண்ணி இதை எழுதுகிறேன். அவரே வந்து உங்கள் வீட்டைக் கட்டுவார் என்ற நம்பிக்கையில் அல்ல. பெரும்பாலும் முடியாது என்றுதான் சொல்வார். ஆனால் ஒரு மேஸ்திரியிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை நான் அவரிடமிருந்துதான் கற்றேன்.

நான் பேருந்துப் பணிமனை ஒன்றில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவள். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது; மற்றதை நூலகத்தில் படித்தேன். ஓர் ஆணி கிடங்கை விட்டு வெளியே போனாலும் அதற்கு ஒரு சீட்டு இருக்க வேண்டும் என்பது என் தொழில் தந்த பழக்கம். எங்கள் அக்கா மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள். இருவரும் ஒரே வீட்டில் வாழ்கிறோம். படுக்கையறையும் குளியலறையும் மாடியில் இருந்தன. அக்கா அந்த மாடிப்படியிலேயே சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். மருத்துவர்கள் எலும்பைச் சேர்த்தார்கள். கால்களில் பழைய வலுவைச் சேர்க்க அவர்களால் இயலவில்லை. சக்கர நாற்காலிதான் இனி என்று ஆனது.

ஆகவே கீழ்த்தளத்தின் பின்பக்கத்தில் ஓர் அறையும், நாற்காலியோடு போய்வரக்கூடிய குளியலறையும் கட்ட முடிவுசெய்தேன். முதலில் வந்த காண்ட்ராக்டர் பின்சுவரை இடித்தார், பழைய தரையைப் பெயர்த்தார், முன்பணத்தை வாங்கினார், பிறகு வரவில்லை. அவருடைய வரைபடம், கையெழுத்து, அனுப்பிய செய்திகள், இடித்த இடத்தின் புகைப்படங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. புகார் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றி இங்கே மேலும் எழுதப்போவதில்லை. கோப்பு தடிமனாக இருப்பதால் சுவர் தானாக எழும்பிவிடாது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அக்காவைத் தம்பி தன் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தான். அங்கேயும் குளியலறை வாசலில் ஒரு படி. ஒவ்வொரு முறையும் தம்பி மனைவி அவளை நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். பார்க்கச் சகிக்காமல் தம்பி ஒரு பராமரிப்பு இல்லத்தில் அறை கேட்டு வைத்தான். நல்ல இல்லம்தான், குறை சொல்ல மாட்டேன். மாதக் கடைசிக்குள் வருகிறோமா இல்லையா என்று அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். வருகிறோம் என்று சொல்லிவிட்டால் அக்கா அங்கேயே இருந்துவிடுவாள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

“இங்க பாருடி,” என்றாள் அக்கா தொலைபேசியில். “ஒண்ணு நீ பாத்ரூமைக் கட்டு. இல்ல, நான் அங்க போறேன். என்னைத் தூக்கித் தூக்கி இவ பயில்வான் ஆயிட்டா. நேத்து ஊறுகா பாட்டில் மூடியைத் திறன்னு சொன்னேன், மூடி கையோட வந்துருச்சு.”

“மூடி கையோட வரத்தானேக்கா திறக்குறது?”

“பாட்டில் கழுத்தோட சேத்துடி!”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என் அக்கா தன் வீட்டுக்குத் திரும்புவதா இல்லையா என்பது ஒரு மேஸ்திரியை நான் சரியாகத் தேர்ந்தெடுப்பதில் வந்து நின்றிருந்தது.

இரண்டாவது முறை தேடியபோது என்னிடம் ஒரு முறைமை இருந்தது. முதல் காண்ட்ராக்டரும் பழைய வேலைகளைக் காட்டத்தான் செய்தார். பிறகு விசாரித்ததில், அவர் காட்டிய வீடுகளில் ஒன்று அவருடைய மைத்துனருடையது. மற்றொன்று அப்போதுதான் வண்ணம் பூசி முடித்தது. புது வண்ணம் பூசிய எந்தச் சுவரும் எதையும் சொல்லாது. வேலை முடிந்து சில மழைக்காலங்களைப் பார்த்த வீடு வேண்டும். வீட்டுக்காரரிடம் ‘நல்லா கட்டினாரா’ என்று கேட்பதில் பயனில்லை. ‘ஏதாவது தப்பாகப் போனபோது என்ன செய்தார்’ என்று கேட்க வேண்டும். இதையெல்லாம் நான் தாளில் எழுதி, வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே வரிசையில் கேட்டேன்.

ஒருவர் ஆல்பத்தோடு வந்தார். பளபளப்பான படங்கள், ஒரு படத்திலும் மனிதர்கள் இல்லை. இரண்டு வாரத்தில் சாவியைக் கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். “கவலையே படாதீங்க மேடம். உங்க அக்கா எனக்கும் அக்கா மாதிரி.”

“உங்க சொந்த அக்கா வீட்டை யார் கட்டினாங்க?” என்று கேட்டேன்.

“அவங்க… அவங்க வீட்டுக்காரரு வேற ஆளை வச்சுக் கட்டிட்டாரு,” என்றார். அந்தப் பதிலையும் குறித்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த நாள் ஸ்கூட்டரில் ஒரு கணவனும் மனைவியும் வந்து இறங்கினார்கள். அவர் உயரமாக, முகத்தில் எப்போதும் லேசான எரிச்சலோடு இருந்தார். மனைவி குள்ளமாக, இடுப்பில் ஒரு துணிப்பையோடு வந்தாள். பைக்குள் மட்டம் பார்க்கும் ரசமட்டம், நூல்கண்டு, டைல்ஸ் தட்டும் ரப்பர்ச் சுத்தி. கணவர் வேலைகளை நடத்துவார், பூச்சு பூசுவார். அவள் டைல்ஸ் ஒட்டுவாள். வேலைக்கு வேண்டிய மற்ற ஆட்களை அவர்களே அழைத்து வருவார்கள்.

இடிந்த இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, “ரெண்டு வாரமா? முடியாது.” மாதக் கடைசிக்குள் கழுத்தை நெரித்தாலும் முடியாது, இன்னொரு மாதம் பிடிக்கும் என்றார். ஜன்னலைக் குளியலறைக்கு நேராக வைக்க முடியாது, பக்கவாட்டில்தான் வரும் என்றார். நான் என் வரிசைப்படி கடைசிக் கேள்விக்கு வந்தேன். முன்பு செய்த வேலைகளின் முகவரி வேண்டும்.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள்தான் பேசினாள்.

“ஒரே ஒரு வீடுதான்க்கா குடுப்போம். தையற்கடை அம்மா வீடு. போனீங்கன்னா இவரைத் திட்டுவாங்க. முழுசா கேட்டுட்டு வாங்க. அதுக்கப்புறமும் நாங்க வேணும்னா கூப்பிடுங்க.”

“நல்லா செஞ்ச வீடு ஒண்ணும் இல்லையா?”

“இருக்கு. நீங்களே தெருவுல விசாரிச்சாத் தெரிஞ்சுட்டுப் போகுது. இதை நாங்க சொன்னாத்தானே தெரியும்?”

என் பணிமனை அனுபவத்தில், பழுதான உதிரிபாகத்தைத் தானாகவே மேசைமேல் எடுத்து வைத்த விற்பனையாளர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. அன்று மாலையே போனேன்.

தையற்கடை வீட்டின் முன்னறையில் இருந்தது. காஜா எடுத்துக்கொண்டிருந்த அந்த அம்மாளிடம் மேஸ்திரியைப் பற்றிச் சொன்னதும் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தார். நெடுநேரம் காத்திருந்தவர் போல ஒரு தெளிவு அவர் முகத்தில் வந்தது.

“அவன் அனுப்பினானா? வாங்க, உக்காருங்க. என் பாத்ரூமைக் குளமாக்கினவன் அவன். பூச்சு வேலையில அந்த ஆளு பெரிய ஆளு. சுவத்துல நூல் புடிச்சா மயிரிழை வித்தியாசம் இருக்காது. அந்தத் திமிருல பாத்ரூம் தரையையும் கண்ணாடி மாதிரி சமமாப் போட்டுட்டான்! வாட்டம்னு ஒண்ணு வேணும், தண்ணி ஓடுறதுக்குச் சரிவு வேணும்னு மண்டையில ஏறல. என்னையக் கூப்பிட்டு, தரை நடுவுல ஒரு பந்தை வச்சுக் காட்டினான். ‘பாருங்கம்மா, உருளுதா?’ன்னான். பந்து உருளல, சரி. தண்ணியும் உருளல!”

“அப்புறம் என்ன செய்தார்?”

“முதல்ல சண்டை போட்டான். நான் அளவுக்கு மீறி குளிக்கிறேனாம்! அப்பதான் அவன் பொண்டாட்டி ஒரு நாள் வந்து, ஒரு மணி நேரம் அந்தத் தண்ணியில நின்னுட்டுப் போனா. மறுநாள் ரெண்டு பேரும் வந்தாங்க. மொத்தத் தரையும் உடைச்சு, மறுபடி போட்டுக் குடுத்தாங்க. ஒரு வாரம் நான் பக்கத்து வீட்டுல குளிச்சேன். அந்த நிற டைல்ஸ் கிடைக்கல. இப்ப சுவரு ஒரு கலரு, தரை ஒரு கலரு. பாக்கும்போதெல்லாம் வயிறு எரியுது.”

வயிறு எரிகிறது என்பதை நிரூபிப்பதற்காக அவர் தொலைபேசியை எடுத்தார். இரண்டாவது மணியிலேயே அந்தப் பக்கம் குரல் கேட்டது. “சொல்லுங்கம்மா, இப்ப என்ன?”

“ஒண்ணும் இல்ல. நீ அனுப்பின ஆளு வந்திருக்காங்க. உன்னைப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

“பந்தைச் சொன்னீங்களா?”

“அதை விடுவேனா?” தொலைபேசியை வைத்துவிட்டு, “கூப்பிட்டா எடுப்பான். அதுல குறை சொல்ல முடியாது” என்றார், மனமில்லாமல்.

நான் ஒரு வாளி தண்ணீர் கேட்டேன். “நீங்களுமா? அவன் அனுப்புற ஆளுங்க எல்லாரும் ஊத்துறாங்க. பாத்ரூம் கழுவ நான் தனியா ஆள் வைக்கிறதே இல்ல” என்றபடி வாளியைக் காட்டினார். கதவருகே நின்று ஊற்றினேன். தண்ணீர் தயங்காமல் மூலையிலிருந்த ஜாலிக்கு, அது வடிந்து இறங்கும் ஓட்டைத் தகட்டுக்கு, போய்ச் சேர்ந்தது.

சிக்கல் எங்கே என்பதை விளக்க வேண்டும். சக்கர நாற்காலி போகும் குளியலறைக்கு வாசலில் படி வைக்கக் கூடாது. படி இல்லையென்றால் தண்ணீர் அறைக்குள் வராமல் தடுப்பது தரையின் வாட்டம் ஒன்றுதான். வாட்டம் குறைந்தால் படுக்கையறை நனையும். கூடினால் நாற்காலி தானாக நகரும். அக்காவுக்கு வேண்டிய வேலையின் உயிர் அந்த ஓர் இடத்தில்தான் இருந்தது. இந்த மேஸ்திரி தவறியதும் சரியாக அந்த ஓர் இடத்தில்தான்.

தம்பி கொதித்தான். “உனக்கு வேண்டியதே வாட்டம். வாட்டத்துலேயே கோட்டை விட்டவனைத் தேடிப் புடிச்சிருக்க! ஆல்பம் காட்டினவரு ரெண்டு வாரத்துல முடிக்கிறேன்றாரு.”

“அவரு எதுல கோட்டை விட்டாருன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. அதான் பயம்.”

அக்காவிடம் தம்பி முறையிட்டான். அவள் நிதானமாகக் கேட்டாள். “திட்டுறவங்க வீட்டுக்கு அவனே வழி சொல்றானா? அப்ப அவன் ஒண்ணு பைத்தியம், இல்ல நல்லவன். பைத்தியமா இருந்தாலும் பரவால்ல, கட்டச் சொல்லு.”

ஒப்பந்தத்தை நான் எழுதினேன். ‘முடியாது’ மேஸ்திரி அதை வரி வரியாக, உதடு அசையப் படித்தார். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் என்ற வரியில் விரலை வைத்தார். “இது முடியாது. ஈரம் காயாம நான் மேல பூச மாட்டேன். அபராதத்துக்குப் பயந்து பூசினா, ஓதம் உங்க அக்கா தலைமாட்டுலதான் ஏறும்.” நியாயம் என்று பட்டது. அதை அடித்துவிட்டு, வர இயலாத நாளில் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்று மாற்றினேன். அவர் தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: டைல்ஸ் ஒட்டும் முன் வீட்டுக்காரர் கண்முன்னே தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும், அவர் சம்மதித்த பிறகுதான் அடுத்த வேலை. ஒவ்வொரு கட்டம் முடிந்த பிறகே அதற்கான பணம் என்பதில் இருவருக்கும் பேச்சே எழவில்லை.

வேலை நடந்த நாட்களில்தான் அவருடைய கதை துண்டு துண்டாக எனக்குக் கிடைத்தது. அவர் சொன்னது கொஞ்சம். மனைவி சொன்னது அதிகம். செங்கல் சுமக்க வந்து, பூச்சு பழகி, பெரிய கம்பெனி ஒன்றில் பூச்சுக்காரர்களுக்குத் தலைவரானவர் அவர். தனியாகத் தொழில் தொடங்கிய ஆண்டில் வந்தவர்களுக்கெல்லாம் சரி என்றார். இந்தத் தெருவில் ஒரு வீடு, அந்தத் தெருவில் இரண்டு வீடு. எங்கேயும் முழுதாக நிற்க முடியவில்லை. எல்லா வீட்டிலும் ஏச்சு. கூலிக்குப் பேசிய டைல்ஸ்காரர் ஒரு நாள் பாதியில் போய்விட, அவருக்குக் கலவை கலந்து கொடுத்துக்கொண்டிருந்த மேஸ்திரியின் மனைவி மீதியை ஒட்டி முடித்தாள். அன்றிலிருந்து அவளும் தொழிலில் இறங்கினாள். பிறகு தையற்கடை வீட்டின் பந்து.

“அந்தத் தண்ணியில நின்னப்பதான்க்கா எனக்குப் புத்தி வந்துச்சு,” என்றாள் அவள், டைல்ஸ்களை நிறவரிசையில் பிரித்து அடுக்கியபடி. “இந்த மனுசன் சரின்னு சொல்றதாலதான் இவ்வளவும். இனிமே ஒரு நேரத்துல ஒரே வீடு. வாய்ல முதல்ல முடியாதுன்னு வரணும், யோசிச்சிட்டு வேணும்னா மாத்திக்கன்னேன். அதுல ஒரு கஷ்டம். இப்ப சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டாலும் முடியாதுங்குறாரு.”

“வேலை நேரத்துல கூப்பிட்டா?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சுவர் எழுந்தது. கதவு நிலை வைத்தார்கள், அகலத்தை நானும் அளந்தேன், அவரும் அளந்தார், ஒருவர் அளந்ததை மற்றவர் நம்பவில்லை. தரைக்கான அடிப்பூச்சு காய்ந்ததும் ஒப்பந்தப்படி தண்ணீர் ஊற்றினோம். ஒரு சொட்டுக்கூட வாசல் பக்கம் வரவில்லை. மூலையிலிருந்த ஜாலிக்குள் எல்லாம் இறங்கியது. அவர் முகத்தில் முதல்முறையாக எரிச்சல் தணிந்திருந்தது.

வாடகைக்கு எடுத்து வைத்திருந்த சக்கர நாற்காலியை நான் உள்ளே தள்ளி வந்தேன். “தண்ணி பாத்தாச்சு. இனி ஆளைப் பாக்கணும்.”

அவர் மனைவி உட்கார்ந்தாள். நடுவில் நிறுத்திக் கையை எடுத்தேன். நாற்காலி ஒரு கணம் யோசித்தது. பிறகு மெதுவாக முகம் திரும்பி, பக்கவாட்டில் அந்த மூலையை நோக்கிப் புறப்பட்டது.

“ஏங்க,” என்றாள் அவள், சுவரில் முழங்கால் இடிக்கும்போது. “என்னை எங்க அனுப்புறீங்க?”

“கையால புடிச்சுக்கிட்டா நிக்கும்,” என்றார் அவர்.

“புடிக்கிற கை எது, சோப்பு போடுற கை எது?” என்று கேட்டேன்.

“பிரேக் இருக்குல்ல?”

“ஈர டைல்ஸ்ல சக்கரம் நிக்கும் மேஸ்திரி, வழுக்காம இருக்குமா? ஜாலி மூலையில இருக்கறதால ரெண்டு பக்கமும் சரியுது. எதிர்ச் சுவர் நெடுக நீள ஜாலி வச்சா, வாசல்லேருந்து ஒரே பக்கமா லேசாச் சரிஞ்சாப் போதும். படம் காட்டட்டுமா?”

“அடிப்பூச்சு போட்டு முடிச்சாச்சு. இப்ப போய் ஜாலியை மாத்த முடியாது.” அவர் ரசமட்டத்தைப் பையில் வைத்தார். ஸ்கூட்டர் கிளம்பியது, மனைவி பின்னால் உட்காராமல் பேருந்தில் போனாள்.

அன்று மாலை தம்பி அழைத்தான். இல்லத்துக்காரர்கள் பதில் கேட்கிறார்கள். காத்திருக்கும் வேறொருவருக்கு அறையைக் கொடுக்க வேண்டுமாம். மறுநாள் காலைக்குள் சொல்லிவிடு என்றான். நான் கட்டடத்தின் நடுவில் நின்றேன். முதல் காண்ட்ராக்டரும் இப்படி ஒரு மாலையில்தான் போனார், கொத்துக்கரண்டியைக்கூட எடுக்காமல். பயம் இருந்தது, இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் நான் வைத்திருந்த முறைமை பயத்தைவிட உறுதியாக இருந்தது. தப்பாகப் போனபோது இந்த ஆள் என்ன செய்வார் என்பதை விசாரித்துத்தானே தேர்ந்தெடுத்தேன்? அதற்கான நேரம் இப்போது வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

காலையில் அழைத்தேன். உடனே எடுத்தார். பின்னால் கடைத்தெருவின் இரைச்சல்.

“மேஸ்திரி, வருவீங்களா?”

“வராம? குழாய்க் கடையில நிக்கிறேன். நீள ஜாலியில ரெண்டு அளவு இருக்கு, எதுன்னு தெரியல. நீங்க ஏதோ படம்னு சொன்னீங்களே, அனுப்புங்க.” அடுத்து அவரே கணக்குச் சொன்னார்: “உடைக்கிறது என் செலவு. ஜாலி உங்க செலவு. வீட்டுல பேச்சுவார்த்தை இல்ல, சீக்கிரம் அனுப்புங்க.”

படத்தை அனுப்பினேன். அடுத்ததாகத் தம்பியை அழைத்து, இல்லத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிடு என்றேன்.

“தரை ரெடியா?”

“இல்ல. இப்பதான் உடைக்கப் போறாங்க.”

“உடைக்கப் போறாங்களா! அப்ப எந்த நம்பிக்கையில வேண்டாங்குற?”

“அவரே உடைக்க வர்றாருங்குற நம்பிக்கையிலதான்.”

அவர் சொன்னபடியே இன்னொரு மாதம் பிடித்தது. அதற்குமேல் சில நாட்களும் ஆயின. அதுவரை தம்பி மனைவி இன்னும் கொஞ்சம் பயில்வான் ஆனாள். மறுபடி தண்ணீர் ஊற்றினோம், மறுபடி நாற்காலியை நிறுத்தினோம். இந்த முறை அவரே அதில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினார். நாற்காலி அசையவில்லை. மனைவி ரப்பர்ச் சுத்தியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். அவர்களுக்குள் பேச்சும் தொடங்கியது.

அக்கா வந்த அன்று கணவனும் மனைவியும் அழைக்காமலே வந்திருந்தார்கள். தம்பி, அவன் மனைவி, நான் எல்லோரும் அறைக்குள் கூடி நின்றோம். அக்கா யாரையும் தள்ள விடவில்லை. தன் கையாலேயே சக்கரத்தைச் சுழற்றி, புது நிலையைத் தாண்டி, தடங்கல் ஏதுமின்றி உள்ளே போனாள். நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள். சுவரைத் தொட்டாள், கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். பிறகு திரும்பி எங்கள் ஐந்து பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்ன, டிக்கெட் வாங்கிட்டா வந்திருக்கீங்க? வெளிய நில்லுங்க.”

கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. சற்றுப் பொறுத்துத் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. ‘முடியாது’ பொறுக்க மாட்டாமல் கதவருகே போய்க் குனிந்து, இந்தப் பக்கத் தரையைத் தடவிப் பார்த்தார். உலர்ந்திருந்தது. அப்போதும் மனம் ஆறவில்லை.

“அம்மா, தண்ணி எந்தப் பக்கம் போகுது?”

“அது போக வேண்டிய பக்கம் போகுது மேஸ்திரி,” என்றது உள்ளிருந்து அக்காவின் குரல். “நீங்களும் போங்க. நான் குளிக்கணும்.”